மைக்கேல் பரி விழும்னு சொன்னா நாமளும் வித்துடணுமா?

"மைக்கேல் பரி 2008 வீழ்ச்சியை எப்படி முன்னாடியே கண்டுபிடிச்சாரு, இப்ப ஏஐ கம்பெனிகளுக்கு எதிரா பந்தயம் கட்டியிருக்காருன்னு நியூஸ் வருதே, நான் எஸ்ஐபி போட்டு வச்சிருக்கிற அமெரிக்க ஃபண்டை வித்துடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா எனக்கு ஒரே கேள்வியா தான் படுது. ஊரே ஒரு பக்கம் நின்னப்ப தனியா எதிர்ப்பக்கம் நின்னு ஜெயிச்ச ஒருத்தர், அடுத்த தடவை வாயைத் திறந்தா அப்படியே நம்பலாமா, இதைத் தான கேக்குறீங்க. இதுக்கு பதில் சொல்லணும்னா அவர் 2005ல என்ன பார்த்தாரு, அதை வச்சு என்ன வாங்குனாரு, வாங்கினதை ரெண்டு வருஷம் எப்படி கையை விட்டு விடாம வச்சிருந்தாருன்னு மூணையும் பிரிச்சுப் பார்க்கணும். எல்லாரும் முதல் விஷயத்தையே பேசுறாங்க. என்னைக் கேட்டா அந்த ஆளோட அருமை மூணாவதுல தான் இருக்கு.

நான் எங்கிருந்து பேசுறேன்னும் சொல்லிடுறேன். 2005லருந்து 2010 வரைக்கும் சென்னையில ஒரு பேக் ஆபீஸ்ல அமெரிக்க ஹோம் லோன் ஃபைல் பார்க்கிற வேலை, நைட் ஷிஃப்ட். அப்புறம் பாண்ட் அனலிட்டிக்ஸ், அதாவது கடன் பத்திரங்களை அலசுற வேலைப் பக்கம் வந்துட்டேன், இப்பவும் அதே தான். டிரேடிங் டெஸ்க்ல ஒரு நாளும் உக்காந்ததில்ல. அதனால லோன், பாண்ட், அதோட கணக்கு பத்தி சொல்றதெல்லாம் நானே கையாண்டது, பரியோட ஃபண்டுக்குள்ள நடந்தது பத்தி சொல்றது அவர் முதலீட்டாளர்களுக்கு எழுதின லெட்டர், பேட்டி, அப்புறம் பகிரங்கமா பதிவான விவரங்கள் இதையெல்லாம் படிச்சது. எது என் அனுமானமோ அதை அனுமானம்னே சொல்லிடுறேன்.

பரி 1971ல கலிஃபோர்னியா சான் ஹோசேல பிறந்தவரு. ரெண்டு வயசுல கண்ணுல வந்த கேன்சர்னால இடது கண்ணை எடுத்துட்டாங்க, அந்த இடத்துல செயற்கைக் கண்ணு. யூசிஎல்ஏல படிச்சாரு, வான்டர்பில்ட் யூனிவர்சிட்டில எம்.டி. முடிச்சாரு, நியூராலஜி ரெசிடென்சில, அதாவது நரம்பு மருத்துவப் பயிற்சில சேர்ந்தாரு. பகல்ல ஆஸ்பத்திரி டியூட்டி, நடு ராத்திரில இன்டர்நெட்ல பங்குகளைப் பத்தி எழுதுறது. அந்த எழுத்தை பெரிய பெரிய ஃபண்ட் மேனேஜர்கள் படிக்கிறாங்கன்னே அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. டாக்டர் வேலையை விட்டுட்டு 2000 நவம்பர்ல சயன் கேப்பிடல்னு ஃபண்டு ஆரம்பிச்சப்ப, வேல்யூ இன்வெஸ்டிங்ல, அதாவது மதிப்பை விடக் கம்மி விலைல கிடைக்கிற பங்கைத் தேடி வாங்குறதுல, பெரிய பேரான ஜோயல் கிரீன்பிளாட்டோட கோதம் கேப்பிடல் அவர் கம்பெனில ஒரு பங்கை 10 லட்சம் டாலருக்கு வாங்குச்சு. 2001ல அமெரிக்காவோட பெரிய கம்பெனிப் பங்குகளோட குறியீடான எஸ் அண்ட் பி 500 கிட்டத்தட்ட 12 சதவீதம் விழுந்துச்சு, சயன் 55 சதவீதம் ஏறுச்சு. 2002ல மார்க்கெட் 22 சதவீதம் கீழ, இவர் 16 சதவீதம் மேல. 2004 கடைசில கையில 60 கோடி டாலர் இருந்துச்சு, வர்ற புதுப் பணத்தை வேணாம்னு திருப்பி அனுப்பிட்டு இருந்தாரு. இன்னொரு விஷயம், பணக்காரங்க பணத்தை நிர்வகிக்கிற மத்த ஹெட்ஜ் ஃபண்டுங்க மாதிரி வருஷத்துக்கு 2 சதவீதம் நிர்வாக ஃபீஸ் அவர் வாங்கல, ஆன செலவை மட்டும் தான் எடுத்துக்கிட்டாரு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வீட்டு மார்க்கெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் குணம் தெரிஞ்ச ஒரு டீல் இருக்கு. அவான்ட்னு ஒரு சிப் டிசைன் சாஃப்ட்வேர் கம்பெனி, போட்டிக் கம்பெனி எழுதின புரோகிராமைத் திருடின கேஸ்ல மாட்டி அதிகாரிகள் ஜெயில் வரைக்கும் போன கம்பெனி. எவனும் தொட மாட்டான். பரி கோர்ட் பேப்பர் எல்லாத்தையும் படிச்சுட்டு 12 டாலர்ல வாங்க ஆரம்பிச்சாரு, 2 டாலர் வரைக்கும் விழுந்தப்பவும் வாங்கிட்டே இருந்தாரு, கடைசில சினாப்சிஸ் அதை 22 டாலர் கணக்குல வாங்கிக்கிச்சு. ஒரே ஒரு கேஸ் தான், ஆனா 2005 கதையோட அச்சு இதுலயே இருக்கு. யாரும் படிக்காத பேப்பரைப் படிக்கிறது, விலை தனக்கு எதிரா போனாலும் பேப்பர்ல இருக்கிறது மாறலன்னா அசையாம நிக்கிறது.

இப்ப அவர் என்ன பார்த்தாருங்கிறதுக்கு வர்றேன். 2005ல என் டேபிளுக்கு வந்த ஃபைல் எப்படி இருக்கும்னு சொன்னா உங்களுக்குச் சுலபமா புரியும். விண்ணப்பத்துல மாச வருமானம்னு ஒரு கட்டம். நம்ம ஊர்ல பேங்குல லோன் கேட்டா சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, ஆறு மாச ஸ்டேட்மெண்ட்னு உயிரை வாங்குவான்ல, அங்க நிறைய ஃபைல்ல அதுக்குப் பின்னாடி ஒரு பேப்பரும் இருக்காது. அதுக்குப் பேரு ஸ்டேட்டட் இன்கம், அதாவது கடன் வாங்குறவர் சொன்னது தான் வருமானம். எங்க செக்லிஸ்ட்ல இருந்த கேள்வி, அந்தக் கட்டம் நிரம்பியிருக்கா, ஆமா இல்லையா, அவ்வளவு தான். அதுல எழுதியிருக்கிறது உண்மையான்னு பார்க்கிறது எங்க வேலை கிடையாது, யாரோட வேலைன்னும் யாரும் சொல்லல. தினமும் ஒரு ஆளுக்கு இத்தனை ஃபைல்னு டார்கெட், முடிச்சுட்டு விடியக்காலைல கேப்ல வீட்டுக்கு வந்து தூங்கிடுவோம். அந்த வயசுல எனக்கு அது தப்புன்னு தோணவே இல்ல, அமெரிக்கால அப்படித் தான் போலன்னு நினைச்சேன். அதே சமயத்துல கலிஃபோர்னியால ஒருத்தர் அந்த லோன்களை வச்சு செஞ்ச பாண்டுகளோட பிராஸ்பெக்டஸை, அதாவது விவர அறிக்கையை, ஒவ்வொண்ணும் நூறு பக்கத்துக்கு மேல போற சட்டப் பேப்பர் கட்டை, வரி வரியா படிச்சுட்டு இருந்தாரு.

அவர் கண்ணுல முதல்ல பட்டது கடன் வாங்குறவங்க இல்ல, கடன் குடுக்கிறவங்க. இன்ட்ரெஸ்ட் ஒன்லி லோன்னு ஒண்ணு, ஆரம்ப வருஷங்கள்ல அசலே கட்ட வேணாம், வட்டி மட்டும். ஒரு பெரிய சப்பிரைம் கம்பெனி, அதாவது கிரெடிட் சரியில்லாதவங்களுக்குக் கடன் குடுக்கிற கம்பெனி, அதோட பூல்கள்ல, அதாவது பாண்டு செய்ய ஒண்ணா சேர்த்த லோன் தொகுப்புகள்ல, இந்த மாதிரி லோன் 2004 ஆரம்பத்துல சுமார் 6 சதவீதமா இருந்தது 2005 மத்தியில கால்வாசிக்கு வந்துடுச்சு. கடன் வாங்குறவங்களோட கிரெடிட் ஸ்கோரும் மத்த அளவுகோலும் பெருசா மாறல, ஆனா குடுக்கிற லோனோட வகை மாறிட்டே போகுது. இதுக்கு ஒரே அர்த்தம் தான், வீட்டு விலை ஏறி ஏறி சாதாரண லோன் கட்ட முடியாத ஆளுக்கும் எப்படியாவது கடனைத் தள்ளி விட்டாகணும்னு குடுக்கிறவன் நிக்கிறான். அவனுக்கு ஏன் பயம் இல்ல? ஏன்னா லோன் அவன் கையில தங்காது, வாரக்கணக்குல வால் ஸ்ட்ரீட்டுக்கு வித்துடுவான், அங்க பாண்டாகி ஊர் ஊரா போயிடும்.

அந்தப் பாண்டு எப்படி வேலை செய்யுதுன்னா, தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் பாசனம் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வார்த்தையில புரியும், தலைமடை கடைமடை. ஆயிரக்கணக்கான வீட்டுக்கடனை ஒண்ணா சேர்த்து, மாசாமாசம் வர்ற ஈஎம்ஐயை ஒரே வாய்க்கால்ல விடுறாங்க. ட்ரிபிள் ஏ ரேட்டிங், அதாவது ரொம்பப் பாதுகாப்புன்னு மதிப்பெண், வாங்கின துண்டு தலைமடை, அதுக்குத் தண்ணி போனப்புறம் தான் அடுத்தவனுக்கு. ட்ரிபிள் பி துண்டு கடைமடைக்குக் கிட்ட. தண்ணி குறைஞ்சா முதல்ல காயுறது கடைமடை தான். அந்த ட்ரிபிள் பி துண்டு ரொம்ப மெல்லிசு, பூல்ல மொத்தமா 7, 8 சதவீதம் நஷ்டம் வந்தாலே அது முழுசா காலி. இதுல கவனிக்க வேண்டியது, வீட்டு விலை தலைகுப்புற விழணும்னு கூட அவசியமில்ல, ஏறுறது நின்னாலே போதும். ஏன்னா ரெண்டு வருஷம் குறைஞ்ச வட்டி, அப்புறம் எகிறுற வட்டின்னு குடுத்த லோன்கள் அவை, ரெண்டு வருஷம் முடிஞ்சதும் விலை ஏறின வீட்டைக் காட்டி புது லோன் எடுத்து பழசை அடைச்சா தான் வண்டி ஓடும். விலை நின்னா புது லோன் கிடையாது, பழைய லோனோட வட்டி எகிறும். 2005ல குடுத்த லோன் 2007ல எகிறும். இது ஜோசியம் இல்ல, பத்திரத்துல எழுதியிருக்கிற தேதி.

சரி, பார்த்தாச்சு, இதை வச்சு காசு பண்றது எப்படி? வீட்டை ஷார்ட் பண்ண, அதாவது விலை விழும்னு இரவல் வாங்கி வித்து வைக்க, முடியாது, அந்தப் பாண்டைக் கடன் வாங்கி விக்கிறதும் நடைமுறையில ஆகாத காரியம். பரி போனது கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப் பக்கம், இன்சூரன்ஸ் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரு கோடி டாலர் பாண்டுக்கு வருஷத்துக்கு 2 சதவீதம் ப்ரீமியம்னா 2 லட்சம் டாலர் கட்டணும், பாண்டு முழுசா போனா ஒரு கோடியும் உங்களுக்கு. அந்தப் பாண்டு உங்க கையில இருக்கணும்னு கூட இல்ல. கம்பெனிகளோட கடனுக்கு இந்த ஸ்வாப் முன்னாடியே இருந்துச்சு, சப்பிரைம் பாண்டுக்கு அப்படி ஒரு சரக்கே அப்ப சரியா கிடையாது, இவர் பேங்க் பேங்கா கேட்டுக் கேட்டு உண்டாக்க வச்சாரு. பெரும்பாலான பேங்குக்கு இவர் என்ன கேக்குறாருன்னே புரியல. 2005 மே 19ஆம் தேதி டாய்ச்சு பேங்க்கிட்டருந்து 6 பாண்டு மேல தலா ஒரு கோடி டாலர்னு மொத்தம் 6 கோடி டாலருக்கு முதல் கான்ட்ராக்ட். ஜூலை கடைசில அது 75 கோடி டாலர் ஆகிடுச்சு.

இந்த இடத்துல அவர் செஞ்ச ஒரு வேலையை நான் ரொம்ப மதிக்கிறேன். பேங்குங்க ப்ரீமியத்தை ரேட்டிங் பார்த்துப் போட்டாங்க, ட்ரிபிள் பின்னா இவ்வளவுன்னு. உள்ள இருக்கிற லோன் எப்படின்னு பார்க்கல. அழுகின தக்காளிக்கும் நல்ல தக்காளிக்கும் ஒரே விலைன்னா நாம என்ன பண்ணுவோம், நல்லதாப் பொறுக்குவோம்ல, இவருக்கு வேண்டியது அழுகினது, அதனால இருக்கிறதுலயே மட்டமான பூல் எது, எதுல இன்ட்ரெஸ்ட் ஒன்லி ஜாஸ்தி, எதுல ஆவணமில்லாத லோன் ஜாஸ்தின்னு ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்தாரு. கூடவே இன்னொண்ணு, வீடு எரியும்போது இன்சூரன்ஸ் கம்பெனியும் சேர்ந்து எரிஞ்சா பணம் யார் தருவான்னு அப்பவே யோசிச்சு, கான்ட்ராக்ட் விலை தனக்குச் சாதகமா நகர நகர அந்தப் பணத்தை பேங்க் உடனுக்குடன் ஈடா வைக்கணும்னு ஷரத்து போட்டுக்கிட்டாரு. 2008 செப்டம்பர்ல இந்த இன்சூரன்ஸை அள்ளி அள்ளி வித்திருந்த ஏஐஜிங்கிற இன்சூரன்ஸ் கம்பெனியை அமெரிக்க அரசு 8,500 கோடி டாலர் குடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டி வந்தப்ப தான் அந்த ஷரத்தோட அருமை எல்லாருக்கும் புரிஞ்சுது.

இதுவரைக்கும் சொன்னது புத்திசாலித்தனம். இனிமே வர்றது வேற. ப்ரீமியம் கட்டணும்ல, அது வருஷா வருஷம் போகுற பணம். வீட்டு விலை 2005 முழுக்க ஏறுது, 2006லயும் உச்சத்துலயே நிக்குது. இவர் பங்கு வாங்கிக் கொடுப்பாருன்னு நம்பிப் பணம் போட்டவங்களுக்கு, யாருக்கும் புரியாத ஒரு இன்சூரன்ஸுக்கு மாசாமாசம் காசு கரையுறது தான் தெரியுது. 2006ல மார்க்கெட் 10 சதவீதத்துக்கு மேல ஏறின வருஷத்துல சயன் 18 சதவீதம் நஷ்டம். முதலீட்டாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க, முதன்முதலா அவரை நம்பி காசு போட்ட கோதம் உட்பட. கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்கணும்னா கான்ட்ராக்ட்டை அடிமாட்டு விலைக்கு வித்தாகணும். அதனால 2006 கடைசில அவர் செஞ்சது, பாதிக்கு மேல பணத்தை சைட் பாக்கெட்னு தனியா ஒதுக்கி, இது முடியிற வரைக்கும் யாரும் எடுக்க முடியாதுன்னு பூட்டிட்டாரு. ஒப்பந்தப்படி அவருக்கு உரிமை இருந்துச்சு, ஆனா ஒரு ஃபண்டு மேனேஜர் இதைச் செஞ்சா அதுக்கப்புறம் ஊர்ல அவன் பேரு கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். கேஸ் போடுவோம்னு மிரட்டினாங்க. இப்ப அந்த 2 சதவீத ஃபீஸ் விஷயம் ஞாபகம் வருதா, அது வாங்காததால கையில மிச்சம் இல்ல, ஆட்களைக் குறைக்க வேண்டி வந்துச்சு. தன் பையனுக்கு ஆட்டிசம் வகையான ஆஸ்பெர்ஜர்ஸ்னு டாக்டர் சொன்னப்ப அந்த விவரங்களைப் படிச்சுட்டு தனக்கும் அது தான்னு அவர் உணர்ந்ததும் இந்தக் காலகட்டத்துல தான்.

அதுலயும் கொடுமை என்னன்னா, 2007 ஆரம்பத்துல லோன்கள் வாராக்கடனா மாற ஆரம்பிச்சிடுச்சு, நியூ செஞ்சுரின்னு பெரிய சப்பிரைம் கம்பெனி ஏப்ரல் 2ஆம் தேதி திவால் மனு போட்டுடுச்சு, ஆனா இவர் கையில இருக்கிற கான்ட்ராக்ட்டோட விலை சரியா நகரல. ஏன்னா அந்த விலையைச் சொல்றது அதை வித்த பேங்க் தான், வேற மார்க்கெட் கிடையாது. நீங்க வாங்கின நகைக்கு விலை சொல்ற ஒரே ஆளு அதை உங்ககிட்ட வித்த கடைக்காரன்னு வச்சுக்கோங்க. 2007 ஜூன்ல பேர் ஸ்டெர்ன்ஸ்ங்கிற வால் ஸ்ட்ரீட் பேங்கோட ரெண்டு ஃபண்டு தள்ளாட ஆரம்பிச்சப்புறம், பேங்குகளும் அதே இன்சூரன்ஸை வாங்கணும்னு ஓட ஆரம்பிச்சப்புறம் தான் விலை நகர்ந்துச்சு. நகர்ந்தது வாரக்கணக்குல. அந்த வருஷத்துக்குள்ளயே பெரும்பாலானதை முடிச்சு முதலீட்டாளர்களுக்கு 70 கோடி டாலருக்கு மேல லாபம், அவருக்குத் தனிப்பட்ட முறையில சுமார் 10 கோடி டாலர். 2000 நவம்பர்லருந்து 2008 ஜூன் வரைக்கும் செலவு போக சயன் ஈட்டினது 489 சதவீதம், அதே காலத்துல எஸ் அண்ட் பி 500 டிவிடெண்ட் சேர்த்தும் 3 சதவீதத்தைத் தொடல. 2008லயே ஃபண்டை மூடிட்டாரு. பணம் கைக்கு வந்தப்பவும் திட்டினவங்க யாரும் வந்து நன்றி சொல்லலன்னு அவர் சொன்னதைப் படிச்சப்ப மனசு கஷ்டமா இருந்துச்சு.

அந்த லாபத்துக்கு மறுபக்கம் என்னன்னும் சொல்லணும், நான் அதைப் பார்த்தவன். 2008ல எங்க டீமை லோன் போடுற பக்கத்துலருந்து எடுத்து, கட்ட முடியாதவங்களோட விண்ணப்பத்தை வரிசைப்படுத்துற வேலைக்கு மாத்திட்டாங்க. கூட ஒரு லெட்டர் வைக்கணும், ஏன் கட்ட முடியலன்னு. ஒண்ணு இன்னும் கண்ணுல நிக்குது, கோடு போட்ட நோட்டுத் தாள்ல கையால எழுதி ஸ்கேன் பண்ணது. மேல 1,130ன்னு ஒரு நம்பர், அதுக்குக் கீழ 1,480ன்னு ஒரு நம்பர், ரெண்டாவதுக்கு அடியில ரெண்டு கோடு. மாசத் தவணை ஏறுன கணக்கு. அதுக்குக் கீழ, எனக்கு சம்பளம் ஏறலன்னு ஒரே வரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த மாதிரி ஃபைல்ல கட்டம் நிரம்பியிருக்குன்னு டிக் போட்ட ஆளுங்க நாங்க. பரி இந்த வீழ்ச்சியை உண்டாக்கல, அவர் பந்தயம் கட்டலன்னாலும் அந்த லெட்டர் வந்திருக்கும், ஆனா இதை வெறும் வெற்றிக் கதையா படிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு அந்த ரெண்டு கோடு தான் ஞாபகத்துக்கு வரும்.

இப்ப உங்க கேள்வியோட நடுப்பகுதிக்கு வர்றேன், இது திறமையா அதிர்ஷ்டமா. 2010 ஏப்ரல்ல பரி நியூயார்க் டைம்ஸ்ல எழுதினாரு, நான் பார்த்ததை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஏன் பார்க்கலன்னு. அதோட முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் பரியோட கணிப்பை ஒரு புள்ளிவிவர மாயைன்னு ஒதுக்கினாரு, அதாவது ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னா ஒண்ணு பலிக்கத் தான செய்யும்னு. நான் இதுல கிரீன்ஸ்பானோட ஒத்துப்போகல. கான்ட்ராக்ட் தேதி இருக்கு, எந்தப் பாண்டுன்னு லிஸ்ட் இருக்கு, காரணம் எழுதின லெட்டர் இருக்கு. வாய்க்கு வந்ததைச் சொன்ன ஆளு மட்டமான பூலா பார்த்துப் பொறுக்கி எடுக்க மாட்டான். இது உறுதி. ஆனா உறுதியில்லாத பகுதியும் இருக்கு, இது என் அனுமானம், வீட்டு விலை இன்னும் ஒரு ஒன்றரை வருஷம் தாக்குப் பிடிச்சிருந்தா அவர் தாக்குப் பிடிச்சிருப்பாருன்னு நான் நம்பல. கணக்கு அப்படியே சரியா இருந்திருக்கும், ஃபண்டு இருந்திருக்காது. ஃபெடரல் ரிசர்வ் 2004 ஜூன்ல 1 சதவீதமா இருந்த வட்டியை 17 தடவை ஏத்தி 2006 ஜூன்ல 5.25க்குக் கொண்டு வந்தது அவர் கையில இல்லாத விஷயம். பார்த்தது திறமை, பூட்டி வச்சது துணிச்சல், நேரத்துக்குள்ள நடந்தது ஓரளவு காலம் குடுத்தது.

அதே வருஷம் அதே பந்தயத்தை இன்னும் பெருசா கட்டின ஜான் பால்சன் விஷயத்தையும் பாருங்க. 2007ல அவர் ஃபண்டு சுமார் 1,500 கோடி டாலர் லாபம் பார்த்துச்சு, அவர் பங்கு மட்டும் 400 கோடி டாலர் அளவு. அடுத்து 2011ல அவரோட ஒரு முக்கியமான ஃபண்டு ஒரே வருஷத்துல பாதிக்கு மேல போச்சு, 2020ல வெளியாள் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு சொந்தப் பணத்தை மட்டும் பார்க்கிற ஆபீஸா மாத்திட்டாரு. ஒரு தடவை கிடைச்ச அந்த மாதிரி சரக்கு, அதாவது ஆபத்து இவ்வளவு மலிவா விலை போடப்பட்ட ஒரு இன்சூரன்ஸ், திரும்ப எப்பவாச்சும் தான் வரும். ஆள் அதே ஆள் தான், கிடைக்கிற விலை தான் அதே விலை இல்ல.

பரியோட பிற்காலத்தையும் இந்தக் கண்ணோட பார்க்கணும். 2013ல சயன் அசெட் மேனேஜ்மெண்ட்னு திரும்ப ஆரம்பிச்சாரு. 2019ல கேம்ஸ்டாப்ங்கிற வீடியோ கேம் கடைக் கம்பெனியோட பங்கை வாங்கி, கையில இருக்கிற பணத்துல பங்கைத் திரும்ப வாங்குங்கன்னு போர்டுக்கு லெட்டர் எழுதினாரு, அருமையான கணிப்பு, ஆனா 2021 ஜனவரில அது வானத்துக்குப் பறக்கிறதுக்கு முன்னாடி 2020லயே வித்துட்டு வெளிய வந்துட்டாரு. 2021ல டெஸ்லாவுக்கு எதிரா புட் ஆப்ஷன், அதாவது குறிச்ச விலைக்குப் பங்கை விக்கிற உரிமை, வச்சிருந்தது தெரிஞ்சு ஊரே பேசுச்சு, அக்டோபர்ல அவரே அது ஒரு டிரேட் தான், முடிச்சாச்சுன்னுட்டாரு. 2023 ஜனவரி 31ஆம் தேதி "விக்கவும்"ங்கிற அர்த்தத்துல ஒரே ஒரு வார்த்தை ட்வீட் போட்டாரு, மார்ச்லயே அப்படிச் சொன்னது தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அந்த வருஷம் எஸ் அண்ட் பி 500 சுமார் 24 சதவீதம் ஏறி முடிஞ்சுது. தப்பை இவ்வளவு பகிரங்கமா ஒத்துக்கிறவங்க இந்தத் தொழில்ல கம்மி, அதுக்கு அவருக்கு ஒரு மரியாதை குடுக்கணும். ஆனா ஜனவரில அவர் பேச்சைக் கேட்டு வித்தவங்களுக்கு மார்ச்ல வந்த அந்த ட்வீட் பணத்தைத் திருப்பித் தரல.

நீங்க பார்த்த நியூஸ் விஷயத்துக்கு வருவோம், இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 2025 நவம்பர்ல, பலன்டிர்ங்கிற ஏஐ சாஃப்ட்வேர் கம்பெனியோட பங்குக்கு எதிரா பரி 91.2 கோடி டாலர் பந்தயம்னு தலைப்பு வந்துச்சு. அமெரிக்கால பெரிய ஃபண்டுகள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கையில இருக்கிறதை அரசுக்குத் தெரிவிக்கணும், அதுல ஆப்ஷனை, அதுக்கு அடியில இருக்கிற மொத்தப் பங்கோட மதிப்புல காட்டணும். 50 லட்சம் பங்கு, அன்னிக்கு விலை 182 டாலர் சொச்சம், பெருக்கினா 91 கோடி. ஆனா அவர் கட்டினது அதுவா? ஒரு பங்குக்கு 1.84 டாலர், மொத்தம் 92 லட்சம் டாலர், அதையும் அவரே வெளிய வந்து சொன்னாரு. 2027ல 50 டாலருக்கு விக்கிற உரிமை அது. அதாவது நூத்துல ஒரு பங்கு பணம், போனா அவ்வளவு தான் போகும். 2023ல 160 கோடி டாலருக்கு மார்க்கெட் விழும்னு பந்தயம்னு வந்த தலைப்பும் இதே கதை, அடுத்த ரிப்போர்ட்ல அது இல்லவே இல்ல. அந்த ரிப்போர்ட்டும் காலாண்டு முடிஞ்சு 45 நாள் வரைக்கும் கழிச்சு வர்றது, ஷார்ட் அதுல வராது, ஸ்வாப் வராது. அதனால வெளியிலருந்து அதை மட்டும் பார்த்து அவர் மொத்தமா என்ன நினைக்கிறாருன்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. அதே மாசம் ஃபண்டோட பதிவையே விலக்கிக்கிட்டாரு, பங்குகளோட மதிப்பைப் பத்தின என் கணிப்பும் மார்க்கெட்டும் கொஞ்ச காலமாவே ஒத்துப்போகலங்கிற அர்த்தத்துல முதலீட்டாளர்களுக்கு எழுதிட்டு. இப்ப சந்தா கட்டிப் படிக்கிற மாதிரி எழுதுறாரு.

ஆக உங்க எஸ்ஐபிக்கு. பரி அந்த 92 லட்சத்தை முழுசா இழந்தாலும் அவர் சாப்பாட்டுக்குக் குறையில்ல, தப்புன்னு தெரிஞ்சா மறுநாளே மாத்திக்குவாரு, நமக்குச் சொல்லணும்னு கடமையும் இல்ல. நீங்க வித்துட்டு வெளிய நின்னா எப்ப திரும்ப உள்ள வரணும்னு யார் சொல்லுவா? மூணு வருஷத்துக்குள்ள அந்தப் பணம் வீட்டுக்கோ படிப்புக்கோ வேணும்னா, பரி சொன்னாலும் சொல்லாட்டியும் அது அமெரிக்கப் பங்கு ஃபண்டுல இருக்கக் கூடாது, அதை மெதுவா எடுத்துடுங்க. பத்து வருஷம் கழிச்சுத் தான் வேணும்னா அவரோட ட்வீட்டுக்காக நான் விக்க மாட்டேன், என் பணத்தை நான் விக்கல. ஏஐ கம்பெனிகள் விலை அதிகமா இருக்கான்னு கேட்டா, சிலது ரொம்ப அதிகம்னு தான் எனக்கும் படுது, ஆனா எப்பங்கிறதுக்கு 2005ல இருந்த மாதிரி பத்திரத்துல எழுதின தேதி எதுவும் இதுல என் கண்ணுல படல. அவரை நிஜமாவே புரிஞ்சுக்கணும்னு ஆசை இருந்தா நியூஸை விட்டுடுங்க, 2010ல அமெரிக்க நிதி நெருக்கடி விசாரணைக் கமிஷன் அவர்கிட்ட கேட்ட கேள்வி பதில் ஆடியோ பொதுவுல இருக்கு, அதைக் கேளுங்க, ஒவ்வொரு கான்ட்ராக்ட்டையும் ஏன் அப்படி எழுதினாருன்னு அவர் வாயாலயே பொறுமையா சொல்லுவாரு.